பற்றரி அசிட்டும் ஹோட்டல் கசடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கை முனையில் பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்கும் கொட்டில் ஒன்று பல வருடமாக இருக்கிறது. லொறிப் பற்றரி, படகுப் பற்றரி எல்லாம் அங்குதான் வரும், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும் அங்கேயே வார்க்கிறார்கள். பிழைப்புக்குச் செய்கிறவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உடைத்த பற்றரியின் அசிட் தண்ணீர் நேரே கானுக்குள் போகிறது. உப்புவெளிப் பக்கம் மணல் தரை, ஆழமில்லாத கிணறுகள், மாரியில் கான் நிரம்பி வளவுக்குள் வந்துவிட்டால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவே பயமாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும்.

இதற்குக் கைக்கெட்டும் ஒரு வழி இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு அடியில் மிஞ்சும் கசடு பெரும்பாலும் பக்டீரியாவின் உடல்தான். அந்தச் செல் சுவர்களில் இருக்கும் கார்பொக்சில், பொஸ்பேற்று என்ற இரசாயனத் தொகுதிகள் ஈயம், செம்பு, கட்மியம் போன்ற உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும். பக்டீரியா உயிரோடு இருக்கவும் வேண்டியதில்லை, காய்ந்த தூளே போதும். நிலாவெளி, உப்புவெளியில் இத்தனை ஹோட்டல்கள் இருக்கின்றன, அங்கே சேரும் கசட்டைப் பவுசரில் ஏற்றிக் கொண்டுபோய் எங்காவது கொட்டுவதைவிட, தூளாக்கி அசிட் தண்ணீரில் உள்ள ஈயத்தைப் பிடிக்கப் பாவிப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் தூளை அப்படியே அசிட் தண்ணீரில் போட்டால் ஒன்றும் நடக்காது. அமிலம் கூடிய தண்ணீரில் ஐதரசன் அயன்கள் முந்திக்கொண்டு அந்த இடங்களை நிரப்பிவிடும். முதலில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்து, பீஎச் அளவை (அமிலம் கூடக்கூட இந்த எண் குறையும்) 5 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஈய சல்பேற்று அதிகம் கரையாது, அது அடியில் படியும், கரைந்து மிச்சமிருக்கிற ஈயத்தைப் பிடிப்பதுதான் தூளின் வேலை. இன்னொரு சிக்கலும் உண்டு. கசட்டில் நோய்க்கிருமி இருக்கும், சில இடத்துக் கசட்டில் உலோகமே இருக்கும். அதனால் காற்றுக் குறைவாக 400, 500 பாகை செல்சியஸில் கரியாக்கி, அதிலிருந்து ஏதாவது கசிகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்தலாம். கரியாக்கினால் செல் சுவர்த் தொகுதிகள் பல போய்விடும், ஆனாலும் அந்தக் கரித்தூளும் ஈயத்தைப் பிடிக்கும். ஈயம் ஏறிய தூளைத் தோட்டத்துக்கு உரமாகப் போடவே கூடாது. ஐதான அமிலத்தால் கழுவினால் ஈயம் திரும்ப வெளியே வரும், தூளை இன்னும் சில தடவை பாவிக்கலாம், அதற்குப் பிறகு அது ஆபத்தான கழிவுதான்.

இதைக் கிணற்றுக்குள் போடும் பொடியாக யாரும் விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். இது கொட்டில் வாசலில், கானுக்கு முன்னால் ஒரு தொட்டியில் இருக்க வேண்டியது. உள்ளூராட்சி சபை ஒரே ஒரு கொட்டிலில் தொட்டி வைத்துக் கொடுக்கட்டும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தினர் தண்ணீரை முன்னும் பின்னும் பரிசோதித்துச் சொல்லட்டும், கிடைத்த அளவுகளை நீங்கள் பத்திரிகையில் போடுங்கள். முதல் வாளித் தண்ணீரை எங்கள் கானிலிருந்து நானே அள்ளிக் கொண்டுவந்து தருகிறேன்.

உப்புவெளி வாசகர் ஒருவர்,
திருகோணமலை