அரையிறுதி போதாதா? எங்கள் கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகசபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் உதைபந்தாட்டப் பயிற்சியாளரான மாஸ்ரரை மாற்றுவது பற்றிப் பேசப்போவதாக அறிந்தேன். நாலு வருடமாக அரையிறுதிக்குப் போகிறோம், கிண்ணம் வரவில்லை, புது ஆளைப் பார்ப்போம் என்கிறீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. தண்ட உதையில் தோற்ற அன்று துரையப்பா அரங்கிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். ஏறி மிதிக்க மனம் வரவில்லை.

எங்கள் பெடியளில் பாதிப்பேருக்கு இங்கிலாந்தின் ஆர்செனல் கழகம் என்றால் பைத்தியம். அதனால் அதன் பழைய பயிற்சியாளர் ஆர்சன் வெங்கரின் கதையையே எடுக்கிறேன். 1996 இல் வந்தவர், தொடர்ந்து 20 பருவங்கள் அணியை இங்கிலாந்து லீக்கின் முதல் நாலு இடங்களுக்குள் வைத்திருந்தார். 2003-04 இல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. அதற்குப் பிறகு லீக் பட்டம் அவர் கைக்கு வரவேயில்லை. ரசிகர்கள் சலித்துப்போய், அவரைப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். கடைசி இரண்டு பருவங்களிலும் 5 ஆம், 6 ஆம் இடத்துக்கு இறங்கியபோது அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 2006 இல் திறந்த புது அரங்கின் கடன் கழகத்தின் தலையில் கிடந்த காலத்தில் அதே நாலாம் இடம் பெரிய காரியம். 2018 இல் அவர் போன பிறகு அடுத்த மூன்று பருவங்களையும் 5, 8, 8 ஆம் இடங்களில் முடித்தார்கள்.

கையில் என்ன கொடுத்தோம் என்று பார்க்காமல் இடத்தை மட்டும் எண்ணினால் ஆளை எடைபோட முடியாது. நாங்கள் மாஸ்ரருக்கு என்ன கொடுத்தோம்? உரப்பை ஒன்றுக்குள் ஐந்து பந்து. அதில் ஒன்றுக்குத் தையல் விட்டுப்போய், அவரே மீன்வலை நூலால் தைத்து வைத்திருக்கிறார். ரியூசன் முடிந்து ஐந்தரைக்குத்தான் பெடியள் வருவார்கள், ஆறரைக்கு இருட்டிவிடும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மணலில் காலால் கோடு கீறி, யார் எங்கே ஓடவேண்டும் என்று காட்டுவார். முதல் அரையிறுதியில் நாலு கோல் வாங்கினோம். இந்த முறை ஒன்றுக்கு ஒன்று சமனிலை, தண்ட உதையில்தான் போனது. அவர் வருவதற்கு முன் முதல் சுற்றைத் தாண்டியதே அபூர்வம்.

சரி, அவரில் குறை இல்லையா? இருக்கிறது. தண்ட உதைப் பயிற்சி போதவில்லை. களைத்துப்போன பதினொரு பேரையே கடைசி நிமிடம் வரை ஓடவிடுகிறார், வாங்கில் இருக்கும் சின்னவர்களை நம்புவதில்லை. இதை அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு நேரே சொல்லுங்கள், அவர் பதிலையும் கேளுங்கள். அவர் இல்லாத இடத்தில் வாக்கெடுக்க வேண்டாம். கிண்ணத்துக்குப் பொறுமையும் வேண்டும்: பயிற்சியாளர் அலெக்ஸ் பேர்கசன் 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்து, முதல் கிண்ணத்தைத் தூக்கியது 1990 இல்.

அடுத்த வருடமும் அரையிறுதியில் நின்று, ஆட்டமும் முன்னேறாமல் இருந்தால், மாற்றச் சொல்லி நானே எழுதுவேன். இப்போதைக்கு ஒரு வருடம் கொடுங்கள், மைதானத்துக்கு இரண்டு மின்விளக்குப் போடுங்கள். பத்துப் பந்துக்கான காசை ஞாயிறு கூட்டத்துக்கு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கழகத்தின் பழைய பின்வரிசை ஆட்டக்காரன்,
யாழ்ப்பாணம்