உருகிப்போன ஐஸ் பெட்டி: குடிநீர்ப் பரிசோதனை விதிகளை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசனில் 64 குடும்பங்கள் ஒரே ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன. அந்த ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் சிறிய நீர்ச் சங்கத்தின் பொருளாளர் நான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுகூட அறிக்கை தரவேண்டும் என்று எங்களுக்கு வந்த கடிதம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரநிலைப்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. கொழும்புக்கு உள்ள அந்த விதி எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் அப்படியே இருக்கட்டும். அதில் சலுகை கேட்டு நான் எழுதவில்லை. எப்போது, எங்கே, எதைப் பரிசோதிப்பது என்பதை இந்த மலைக்கு ஏற்றபடி தீர்மானிக்க இடம் கொடுங்கள். செலவை எங்கள் தலையில் போடாதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சங்கத்து உறுப்பினர் ஒரு தங்கச்சி அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் மாதிரி கொண்டு போனார். கிருமி நீக்கிய போத்தலை முதல் கிழமையே டவுனுக்குப் போய் வாங்கி வைத்திருந்தோம். மாதிரியை ஐஸில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். டிவிசனில் ஐஸ் ஏது? மீன்கடையில் கெஞ்சி வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் போட்டு, விடிவதற்கு முன்பே இறங்கினார். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது 2.20. இரண்டு மணிக்குப் பிறகு மாதிரி எடுப்பதில்லையாம். வெள்ளிக்கிழமையும் எடுப்பதில்லை, திங்கட்கிழமை புது மாதிரியோடு வாருங்கள் என்றார்களாம். தண்ணீரை பஸ் ஸ்டாண்ட் வடிகானில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலோடு இருட்டிய பிறகு என் வாசலுக்கு வந்தார். பெட்டிக்குள் ஐஸ் உருகித் தண்ணியாய் நின்றது. “மன்னிச்சிருங்கண்ணே, பஸ் நின்ன எடத்துல இருந்து ஓடித்தான் போனேன்” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியது அவரா?

வீட்டுக்கு 200 ரூபா என்று சேர்த்த 12,800 ரூபாயும் இரண்டு பயணத்துக்கும் ஆட்டோவுக்கும் பரிசோதனைக் கட்டணத்துக்குமே போய்விட்டது. ஊற்றுக்கு மேலே மாடு ஏறாமல் வேலி போடச் சேர்த்த காசு அது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலி இல்லை, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்லும் காகிதம் மட்டும் இருக்கிறது.

அந்தக் காகிதமும் எங்களுக்குத் தேவையானதைச் சொல்வதில்லை. பெப்ரவரியில் எடுத்தால் எங்கள் ஊற்று கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் பெருமழைக்குத்தான் மரக்கறித் தோட்டத்து உரமும் மாட்டுச் சாணியும் மேல் லயத்துக் கக்கூஸ் கசிவும் சேர்ந்து தொட்டிக்குள் இறங்கும். பரிசோதனை அந்தக் கிழமையில் நடக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு உப்பு அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நிலத்தடி நீரில் பெரிய பிரச்சினை. அங்கே அதை அடிக்கடி பார்க்கத்தான் வேண்டும். எங்கள் ஊற்றில் ஒருமுறை பார்த்து, குறைவு என்று தெரிந்த பிறகும் அதற்கே திரும்பத் திரும்பப் பணம் கட்டுவது எதற்கு? அந்தக் காசில் மழைக்காலத்தில் இன்னும் இரண்டு தடவை கிருமி பார்க்கலாமே.

வழி இல்லாமல் இல்லை. தண்ணீரில் போட்ட குளோரினில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குழாயடியிலேயே மாத்திரை போட்டு, இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார். ஐதரசன் சல்பைட்டுப் போத்தலுக்கு ஐஸும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், அழுக்குக் கலந்திருந்தால் கறுத்துவிடும். தோட்ட டிஸ்பென்சரியிலேயே வைத்துப் பார்க்கலாம். கறுத்த மாதிரிகளுக்கு உடனே ஆய்வுகூடம், மற்றபடி வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை என்று வையுங்கள். சிறிய நீர்த் திட்டங்களுக்கு ஊற்றடியை நேரில் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிப்பது முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று ஆக்க 2018 வரை காத்திருந்தோம். அதுவரை ரோட்டுக்கும் லைட்டுக்கும் போனால் ‘இது தோட்டம், கம்பெனியிடம் கேளுங்கள்’ என்பார்கள். கம்பெனியிடம் போனால் சபையைக் காட்டுவார்கள். வசதி தரும்போது யாருக்கும் சொந்தமில்லாத நாங்கள், அறிக்கை கேட்கும்போது மட்டும் எப்படி நினைவுக்கு வருகிறோம்? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொய் எழுதவில்லை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். பரிசோதனையை இந்த மலைக்கு ஏற்றபடி அமைக்க எங்கள் பகுதிச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுங்கள். தோட்டத்துச் சிறிய நீர்த் திட்டங்களின் பரிசோதனைச் செலவை அரசே ஏற்கட்டும். அடுத்த மாதிரிக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. அந்தத் தங்கச்சி மறுபடியும் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் உங்கள் பதில் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
நீர்ச் சங்கப் பொருளாளர்