கத்திரி வெயிலும் பெங்களூரு டிக்கெட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

நீ போனில் சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் பேசினோம். கத்திரி தொடங்குமுன் காட்பாடியில் ரயிலேறி உன் வீட்டுக்கு வந்துவிட்டு, மே முடிந்ததும் திரும்பலாம் என்று டிக்கெட் வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, இந்த வருஷம் நாங்கள் வரவில்லை. போனில் சொன்னால் நீ பேசியே மடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். காலமெல்லாம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்த தபால்காரன் தன் மகளுக்கு ஒன்று எழுதக்கூடாதா?

பெங்களூரு குளிர்ச்சிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலையில் நீயும் மாப்பிள்ளையும் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருகிறீர்கள். லீவு என்று பேர், குழந்தைகளுக்கும் ஏதாவது கேம்ப் இருக்கும். பதினோராவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும். போன தடவை வந்தபோது எதிர் ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அங்கே அம்மாவுக்குத் தலை சுற்றினால் லிஃப்டில் இறங்கி வாட்ச்மேனைத்தான் தேட வேண்டும். இங்கே வேலூரில், நம் வேலப்பாடியில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் வந்துவிடுவார்கள்.

நம் ஊரை வெயிலூர் என்று கேலி செய்வதில் பொய் ஒன்றுமில்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, நடுவில் காய்ந்த பாலாறு. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் எங்கள் வயசில் பகலைவிட ராத்திரிதான் படுத்துகிறது. பகலெல்லாம் காய்ந்த தளம் நடுச்சாமம் வரைக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். தூக்கம் வராது. காலையில் எழுந்திருக்கும்போதே பாதி உயிர் போயிருக்கும், அதற்குமேல் அன்றைய வெயில்.

போன கத்திரியில் தெருக்கோடி வீட்டு ஆயாவுக்கு நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நீ பயப்படுவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள். தெருவில் இப்போது நடப்பது எல்லாமே அதிலிருந்து தொடங்கியதுதான், அதனால் சொல்கிறேன்.

ஆயா விடிகிறதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார், உனக்கே தெரியும். அன்றைக்கு வெயில் ஏறியும் ஆவின் பால் பாக்கெட் கேட்டில் மாட்டிய பையிலேயே கிடந்தது. கோலமும் இல்லை. வீடு வீடாகத் தபால் போட்ட பழக்கம், எந்த வாசலில் என்ன குறைகிறது என்று என் கண் தானாகப் பார்த்துவிடும். கூப்பிட்டேன். உள்ளே ஏதோ முனகல், கதவோ உள்தாழ்ப்பாள். மெத்தை வீட்டு பாயின் மகன் கொல்லைச் சுவரேறிக் குதித்துத் திறந்தான். ஆயா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். எப்போதோ இறந்துபோன தன் தம்பி பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். தொட்டால் உடம்பு கொதிக்கிறது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போய் வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். நம் மிலிட்டரிக்காரர்தான் கையைப் பிடித்துக்கொண்டார். நினைவு தடுமாறும்போது ஊற்றினால் புரையேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடுமாம். 108க்குப் போன் போட்டுவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் போட்டோம். உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து ஃபேனை நேராகத் திருப்பினோம். வண்டி வருவதற்குள் ஆயாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் என்னை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குக் கேட்டது, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்றுதான். அவர் வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமா? தலைமாட்டிலேயே மண்பானை. ஆனால் குடித்தால் ஒன்னுக்கு எழுந்து போக வேண்டும். கக்கூஸ் கொல்லைப்புறம். இரண்டு படி இறங்க வேண்டும், முட்டிவலி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ராத்திரி விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? அதனால் பொழுது சாய்ந்தால் தண்ணீரையே தொடுவதில்லை. இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, அதோடு இப்படிப் பயந்து அடக்கவும் செய்தால் உடம்பு என்ன ஆகும்? தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க என்று டி.வி.யில் ஓயாமல் சொல்கிறார்கள். அதில் ஒருவராவது கக்கூஸைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, முதலில் செய்த வேலை அதுதான். படியோரம் இரும்புப் பைப்பில் ஒரு கைப்பிடி. பட்டறைக்காரர் கூலி வாங்கவில்லை. ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி. இப்போது ஆயா செம்பு செம்பாகக் குடிக்கிறார்.

அப்புறம் மத்தியானம். பாய் வீடு பழைய மெத்தை வீடு இல்லையா, மரச்சட்டம் போட்ட உயரமான கூரை, கனத்த சுவர். வெளியே அனல் அடிக்கும்போதும் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தால் ஆசுவாசமாக இருக்கும். கூரைக்கு சீட் போட்ட வீட்டில் இருக்கிறவர்களை வெயில் ஏறுமுன் அங்கே கூட்டி வந்துவிடுகிறோம், நாலு மணிக்குமேல் அனுப்புகிறோம். சீட்டுக்குக் கீழே ஃபேன் போட்டால் நெருப்புக் காற்றுதான் வரும். ஈரத்துணியில்லாமல் அந்தக் காற்றில் உட்கார்ந்திருப்பது இன்னும் கெடுதல். பாய் வீட்டம்மா பெரிய சட்டியில் மோர் கரைத்து வைப்பார். ஒரு பக்கம் தாயம், ஒரு பக்கம் சீரியல், நடுவில் யார் மருமகள் என்ன செய்தாள் என்கிற பஞ்சாயத்து. ஆரம்பத்தில் ஆயா வர மறுத்தார், அடுத்த வீட்டில் போய் உட்காருவதாவது என்று. அப்பளம் இட ஆள் வேண்டும் என்று பாய் வீட்டம்மா சொல்லியனுப்பினார். உடனே கிளம்பிவிட்டார். சும்மா வந்து இரு என்று சொன்னால் பெரியவர்களுக்கு மானம் இடம் கொடுக்காது, அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்கிறது.

காலையில் என் ரவுண்டு. வெயில் ஏறுமுன் தனியாக இருக்கிறவர்கள் வாசலில் எல்லாம் ஒரு தடவை நின்று, முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். பேச்சு குழறினால், வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தால், மிலிட்டரிக்காரருக்குத் தகவல் போய்விடும். எல்லார் வீட்டு மாற்றுச் சாவியும் அவரிடம்தான், பேர் எழுதி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். நம் வீட்டுச் சாவியும்தான். நீ கேமரா வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம். கேமரா பார்க்கும், கதவைத் திறக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் தொடங்கினார்களே, அதில் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை கொண்டுவந்து தருகிற பெண் நல்ல விவரமானவள். உப்புக்கரைசல் பாக்கெட்டைப் பாதி பேர் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கலக்கினதை மறுநாளைக்கு வைக்கக்கூடாது என்று அவள்தான் திட்டித் திருத்தினாள். அம்மாவை வெயில் காலத்துக்கு முன்னாலேயே இதய டாக்டரிடம் காட்டச் சொன்னதும் அவள்தான். அம்மா உடம்பில் சேருகிற நீரை இறக்கும் நீர் மாத்திரை போடுகிறாள், தண்ணீருக்கும் அளவு உண்டு. மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரி அவளிடம் நிறையக் குடி என்று சொல்லவும் முடியாது, குடிக்காதே என்றும் சொல்ல முடியாது. காட்டினோம். மாத்திரையின் அளவையும் தண்ணீர் அளவையும் கத்திரிக்குத் தகுந்த மாதிரி டாக்டரே மாற்றி எழுதிக் கொடுத்தார். மோரில் அவளுக்கு உப்பு கிடையாது, இஞ்சியும் கறிவேப்பிலையும் மட்டும். முனகிக்கொண்டே குடிக்கிறாள்.

வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான். படிக்குக் கைப்பிடி வைக்க அதில் எவ்வளவு ஆகும் என்று பட்டறைக்காரரைக் கேட்டேன், சிரித்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் உதவி வேண்டும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயே தீருவேன் என்கிறாள் அம்மா. பிறந்த ஊர், சின்ன வயசிலிருந்து பார்த்தது, தடுத்தால் கேட்க மாட்டாள். காலையிலேயே அவள் அண்ணன் வீட்டு வாசலில் இருந்தே ஊர்வலமாக வரும் அம்மன் சிரசைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும், கூட்டத்தோடு கோயில் வரைக்கும் நடக்கக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறேன். எனக்குத் தலையாட்டியிருக்கிறாள். நீ சொன்னால்தான் நிஜமாகக் கேட்பாள்.

இன்னொன்று, நீ ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்கிறாய். மே மாசம் மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நிமிஷம் பேசு. எங்களுக்கு ஏதாவது என்றால் அது அந்நேரத்தில்தான். எடுக்கவில்லை என்றால் உடனே பாய் மகனைக் கூப்பிடு, நம்பர் உன்னிடம் இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்காதே, அம்மா எப்போதும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாள். ஒன்னுக்கு எத்தனை தடவை போனாய், மஞ்சளாகப் போகிறதா என்று கேள். நான் கேட்டால் சண்டைக்கு வருகிறாள்.

ஏ.சி.க்கு என்று எடுத்துவைத்த பணத்தை ஏ.சி.யிலேயே போடாதே. போட்டாலும் கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா அணைத்துவிடுவாள். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஆளைப் பேசிவிட்டேன், அதற்குக் கொஞ்சம் ஆகும். மீதிக்கு ஸ்டீல் கைப்பிடி வாங்கி அனுப்பு. நம் பாத்ரூமுக்கு இரண்டு, மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு ஒன்று, இன்னும் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து. ஒன்றரை அடி நீளம் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், உறிஞ்சி ஒட்டுகிற ரகம் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் கழன்று வந்துவிடும். ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறதாகப் பார். சித்திரை பிறப்பதற்குள் வந்தால் பட்டறைக்காரர் ஒரே நாளில் எல்லார் வீட்டிலும் மாட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அப்பா