கோன் ஃபில்டர் குளிர்ச்சி தருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது கார் அலங்காரக் கடைகளில் ‘கோல்டு ஏர் இன்டேக்’ (என்ஜினுக்குக் குளிர்ந்த காற்று தரும் குழாய்) என்று எழுதிய பெட்டிகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் ஓர் அலுமினியக் குழாய், கூம்பு வடிவில் திறந்திருக்கும் ஒரு கோன் ஃபில்டர், இரண்டு கிளாம்ப், பெரும்பாலும் அவ்வளவுதான். கம்பெனி பொருத்திய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டிக்கொள்பவருக்குச் சத்தம் கூடுதலாகக் கிடைக்கும். குளிர்ந்த காற்று கிடைக்காது.

காற்று சூடானால் விரியும். ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் குறையும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் சரியும். வெளியே 40 டிகிரி, நெரிசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் 70 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே தேங்கிய காற்றை இழுக்கும் என்ஜின் ஏறக்குறைய 9 சதவீதக் காற்றை இழக்கிறது. பெட்ரோல் வண்டியில் இதோடு முடிவதில்லை. சூடான கலவை, தீ எட்டுமுன் தானாகவே வெடிக்கப் பார்க்கும்; இதுதான் நாக்கிங். அதைத் தவிர்க்க என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும். மேட்டில் ஏசியோடு ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி சுணங்குவதற்கு இது ஒரு காரணம்.

கம்பெனி பெட்டி மூடியே இருப்பது இதற்காகத்தான். அதன் மூக்கு, அதாவது கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டர் ஓரத்திலோ திறக்கும் பிளாஸ்டிக் குழாய், ரேடியேட்டரின் சூடு படாத காற்றை எடுக்கிறது. பிளாஸ்டிக்கும் காரணமில்லாமல் வரவில்லை. அலுமினியம் அதைவிடப் பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ரேடியேட்டருக்குப் பின்னால் பளபளக்கும் குழாயும் திறந்த கோனும் இருந்தால் ஃபேன் தள்ளும் அனல் முழுவதும் நேராக அங்கேதான் போகும். அதிலும் எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரில் எண்ணெய் சற்றுக் கூடிவிட்டால் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவீட்டைக் கெடுக்கும், நிற்கும்போது என்ஜின் ஓட்டம் (ஐடிலிங்) தடுமாறும்.

‘மைலேஜ் கூடும்’ என்ற விற்பனைப் பேச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீரான வேகத்தில் போகும் பெட்ரோல் காரில் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கும். குளிர்ந்த காற்று வந்தால் அதை இன்னும் கொஞ்சம் மூட வேண்டியிருக்கும், அவ்வளவே. பயன் தெரிவது முழு மிதியிலும் நாக்கிங் வரும் நிலையிலும் மட்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வாங்குவதற்கு முன் காணாமல் போனதைத் தேடுங்கள். பட்டறையில் பம்பர் கழற்றி மாட்டிய பிறகு மூக்குக் குழாய் திரும்பப் பொருத்தப்படாமல் போவது சகஜம். பெட்டியின் கிளிப் உடைந்திருந்தாலோ மூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தாலோ பக்கவாட்டில் அனலும் தூசியும் சேர்ந்தே நுழையும். என்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலிருக்கும், சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு தகடு அடுத்த பலி. போல்ட் துருப்பிடித்துத் தகடு கிடுகிடுத்தால், சத்தத்தை நிறுத்த அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், பக்கத்து ஹோஸ் வேகும். புதுப் போல்ட்டும் அகன்ற வாஷரும் போட்டு அதே தகட்டைத் திரும்ப மாட்டுவதே சரி. மேனிஃபோல்டில் துணிப்பட்டை சுற்றுவது தினசரி வண்டிக்கு வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துத் துருவை வளர்க்கும். எண்ணெய் கசிந்து ஊறினால் தீப்பிடிக்கும். இன்டேக் குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் போனால், அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடியிழை உறையைக் குழாய்க்குத்தான் போட வேண்டும். இடையில் ஒரு தகடும் ஒரு விரல் இடைவெளியும் இருந்தால் இன்னும் நல்லது.

பானெட் கீலில் வாஷர் வைத்துப் பின்பக்கம் தூக்கிவிடுவதும் ஒரு வைத்தியமாகப் பரவியிருக்கிறது. நின்றால் அனல் வெளியேறும் என்பது உண்மை. ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம் என்பதால் அதே இடைவெளி வழியே காற்று உள்ளே தள்ளும். முன்னாலிருந்து வரும் ஓட்டம் தடைபடும்.

காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டிகளில் கதை வேறு. 40 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றும்போது அது டர்போவை விட்டு 130 முதல் 140 டிகிரியில் வெளிவரும். அதைத் தணிப்பது இன்டர்கூலர். எனவே டர்போ டீசல்காரர்கள் ஃபில்டரை விட்டுவிட்டு இதைப் பார்க்கட்டும். அதன் துடுப்புகளுக்கிடையே சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் துடுப்புகள் மடங்கிக் காற்றுவழியே அடைபட்டுவிடும். ஹோஸ் இணைப்பில் எண்ணெய் நனைந்து தூசி திரண்டிருந்தால் அங்கே அழுத்தம் கசிகிறது. கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் கூடவே வரும். குழாயின் உள்ளே லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பானெட்டில் காற்றுவாய் வைத்து என்ஜின் மேல் இன்டர்கூலர் அமைத்த வண்டிகளில், இரண்டுக்கும் இடையேயுள்ள ஸ்பாஞ்சு அடைப்பு பொடிந்துவிட்டால் வெளிக்காற்று சிதறி, துடுப்புகளில் என்ஜின் சூடே படும். மாற்றுவதற்குச் செலவு சொற்பம்.

எதைச் செய்தாலும் அளந்து பாருங்கள். காரின் கோளாறறிய உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் கருவி போதும். ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’ (என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம்) என்ற எண்ணை, நின்று கிளம்பியவுடன் பார்க்கக் கூடாது, சென்சாரே வெந்திருக்கும். 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிய பிறகு பாருங்கள். டர்போ இல்லாத வண்டியில் வெளி வெப்பத்தைவிட 5 முதல் 10 டிகிரி கூடியிருந்தால் பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது, காசைச் சேமியுங்கள். நகரும்போதும் 20 டிகிரிக்கு மேல் இடைவெளி நின்றால் மூக்குக் குழாயையும் மூடியின் ரப்பர் விளிம்பையும் பாருங்கள். டர்போ வண்டியில் சென்சார் இன்டர்கூலருக்கு முன்னா பின்னா என்று தெரிந்துகொண்டுதான் எண்ணுக்குப் பொருள் சொல்ல வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். காற்று குளிர வேண்டும் என்று இன்டேக் வாயைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்கள் சென்னையின் 2015 டிசம்பரை நினைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி அந்த வாயை உயரத்தில் வைத்தது வெள்ளத்தையும் எண்ணித்தான். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பிறகே என்ஜினைச் சுற்ற வேண்டும்.

பட்டறை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘ஏர் ஃபில்டர் கிளீன்’ என்று ரசீதில் எழுதுகிற இடத்திலேயே மூக்குக் குழாய், ஹீட் ஷீல்டு, பெட்டி மூடியின் ரப்பர் விளிம்பு மூன்றும் திரும்பப் பொருத்தப்பட்டன என்றும் ஒரு வரி எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோமொபைல் துறை வாசகர்கள்,
கோவை.