பெரியவர்களைக் கேர்லிங் மண்டபத்துக்கு அனுப்புங்கள்

ரொறன்ரோவிலும் டுறம் பகுதியிலும் இயங்கும் தமிழ் முதியோர் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஓய்வுபெற்ற விமானப்படை மேஜர் ஒருவர் இருந்தார். போன பங்குனியில், 84 வயதில் காலமானார். ஐஸில் கல்லை வழுக்கவிட்டு எதிர்முனையில் இருக்கும் வட்டத்துக்குள் நிறுத்தும் கேர்லிங் ஆட்டத்தை என் அப்பாவுக்குப் பழக்கியவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் என் அப்பா இன்றைக்கும் குளிர்காலம் முழுக்க பேஸ்மென்டில், ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்திருப்பார். உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேர் கார்த்திகையில் உள்ளே போய்ச் சித்திரையில் வெளியே வருகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பாவுக்கும் மேஜருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஸ்நோ தள்ளும்போது. எந்த ஊர் என்று அவர் கேட்க, இலங்கை என்றார் அப்பா. இலங்கையில் எங்கே என்றார். திருக்கோவில், அம்பாறை மாவட்டம். "அம்பாறையா?" என்று மனுசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். சுனாமிக்குப் பிறகு, 2005 தையில், கனடாவின் பேரிடர் உதவிப் படையணியில் கிட்டத்தட்ட 200 பேர் அம்பாறைக்குத்தான் போனார்கள். தண்ணீர் சுத்திகரித்துக் கொடுத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள். மேஜர் கடைசியாக வேலை செய்த ட்ரென்டன் தளத்திலிருந்துதான் அந்தப் பயணம் புறப்பட்டது. அவர் ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் ஊரின் பெயர் மனதில் இருந்தது. என் மாமி அந்தத் தண்ணீரைக் குடித்தவர். அப்பா அன்றைக்கே அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

அவர் சஸ்காச்சுவானில் கோதுமைக்காரர் வீட்டுப் பிள்ளை. 1960இல், 19 வயதில், விமானப்படையில் சேர்ந்து ஹெர்குலிஸ் விமானங்களில் வழிகாட்டும் அதிகாரியாக இருந்தார். கிரீன்லாந்தின் தூலே தளத்திலிருந்து, கனடாவின் வடகோடியில் இருக்கும் அலெர்ட் படைத்தளத்துக்குச் சாமான் ஏற்றிப்போன கதைகளை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் சொல்வார். அலெர்ட் வடதுருவத்திலிருந்து 817 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஐப்பசி நடுவில் மறையும் சூரியன் மாசி முடிவில்தான் திரும்ப வரும். காந்த துருவம் கிட்ட இருப்பதால் அங்கே திசைகாட்டியை நம்ப முடியாது. நட்சத்திரத்தை அளந்து கணக்குப் போடவேண்டும். 1968இல் முப்படைகளையும் ஒன்றாக்கியபோது விமானப்படையின் பெயரே போனது. பிறகு நீல உடுப்பும் போய்ப் பச்சை வந்தது. அவர் பழைய நீலச் சட்டையைக் கடைசிவரை அலுமாரியில் வைத்திருந்தார். 2011இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டாராம்.

கேர்லிங்கோ அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். ஊரில் தகரக் கொட்டகை, உள்ளே தானாக உறைந்த ஐஸ். எந்தத் தளத்துக்கு மாற்றினாலும் முதலில் விசாரிப்பது கேர்லிங் மண்டபம் எங்கே என்பதைத்தான். 70 வயதுக்குப் பிறகு முழங்கால் மடங்கவில்லை. அவர் விடவில்லை, தடிக்கு மாறினார்.

இந்தத் தடிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் ஆட்டக்காரர்கள் குந்தியிருந்து வழுக்கிக்கொண்டு போய்க் கல்லை விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, நம்மால் ஆகாது என்று விட்டுவிடுகிறோம். குனிய முடியாதவர்களுக்கு நீளத் தடி ஒன்று உண்டு. அதன் நுனியைக் கல்லின் கைப்பிடியில் கொழுவி, நின்றபடியே நாலடி நடந்து தள்ளிவிடலாம். இருவர் இருவராக ஆடும் தடி ஆட்டமும் இருக்கிறது. அதில் ஒருவர் இந்த முனையில், மற்றவர் அந்த முனையில். ஐஸில் அங்குமிங்கும் நடக்கவே தேவையில்லை.

அப்பா முதல்நாள் குரங்குத் தொப்பியோடு போனார். கல்லைப் பார்த்ததும், "இது எங்கட ஆட்டுக்கல்லுக் குழவியெல்லே" என்றார். கிட்டத்தட்ட 20 கிலோக் கருங்கல், ஸ்கொட்லாந்தின் எய்ல்சா கிரெய்க் தீவிலிருந்து வந்தது. மேஜர் அதைப் பக்கவாட்டில் சரித்து அடிப்பக்கத்தைக் காட்டினார். நடுவே குழி. மெல்லிய ஒரு வளையம்தான் ஐஸில் தொடுகிறது. அந்த வளையத்தைக் கையால் துடைத்தார், ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் கல் திசை மாறிவிடும் என்று. ஐஸும் கண்ணாடி மாதிரி இல்லை, தண்ணீர்த் துளி தெளித்துப் பொருக்குப் பொருக்காக வைத்திருப்பார்கள். கைப்பிடியை இலேசாக வலப்பக்கம் திருப்பிவிட்டால் கல் போகப்போக வலப்பக்கம் வளையும். அப்பாவின் முதல் கல் பாதியிலேயே நின்றது. ஐந்தாவது வட்டத்துக்குள் போனது. வண்டியில் திரும்பும்போது அந்த ஐந்தாவது கல்லைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஆட்டத்துக்குப் பின்னால் நடந்தது. கேர்லிங்கில் வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பது வழக்கம். நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து அரைமணி நேரம் கதைப்பார்கள். அப்பா முதல் மாதம் முழுக்கத் தோற்றார், எல்லா வாரமும் ஓசிக் கோப்பி. இருபத்தைந்து வருடத்தில் வராத ஆங்கிலம் அந்த மேசையில் வந்தது. தவறுதலாகக் கல்லில் கால் பட்டால் தானே சொல்லவேண்டும், பார்க்க நடுவர் கிடையாது. இது அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போன சங்கதி.

ஒரு சங்கத்தில் இதைச் சொன்னபோது, "விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சப்பாத்தில் வழுக்கும் அடிப்பகுதி, குந்தியிருந்து கல்லை விடுபவரின் ஒரு காலுக்கு மட்டும்தான். தடிக்காரருக்கு அது வேண்டாம், இரண்டு காலுக்கும் வழுக்காத ரப்பர் அடி போடலாம். தலைக்கவசமும் போடலாம். என் அப்பா தலைக்கவசம் போட்டுத்தான் ஆடுகிறார். ஐஸ் படிந்த நம் வீட்டு வாசற்படியைவிட அந்த ஐஸ் எனக்குப் பயமில்லாததாகத் தெரிகிறது. சரி, எல்லோருக்கும் ஒத்துவராது. வைத்தியரைக் கேட்டுவிட்டே அனுப்புங்கள். ஆனால் கேட்காமலே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை பகல் 1 மணிக்கு இரண்டு ஐஸ் பாதைகள் சும்மா கிடக்கின்றன. தடிகளை அவர்களே தருவார்கள், சுத்தமான சப்பாத்து ஒரு சோடி கொண்டுபோனால் போதும். என் வானில் ஏழு பேர் இருக்கலாம், நானே ஏற்றி இறக்குகிறேன். மேஜரின் தடியை அவருடைய மகள் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கறுப்பு டேப் சுற்றிய பிடி, அவர் கை பட்ட இடம் தேய்ந்திருக்கிறது. புதிதாக வருபவர் முதல் கல்லை அந்தத் தடியால்தான் விடவேண்டும் என்று அப்பா துடைத்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
டுறம் பகுதியிலிருந்து ஒரு மகன்