கிளவுட்டில் இருக்கும் காணிப் பெர்மிற்றுக்கு வீட்டிலும் ஒரு பிரதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கத்தில் நிறையப் பேர் காணிப் பெர்மிற், பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி கூகிள் டிரைவிலோ மைக்ரோசொப்ட்டின் வன் டிரைவிலோ (OneDrive), அதாவது கிளவுட் என்கிற இணையச் சேமிப்பிடத்தில் போட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்று இருக்கிறார்கள். போட்டது நல்ல வேலைதான். அதைத் திருப்பி இறக்கி சொந்த ஹாட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நான் இங்கே போட்டோக்கொப்பியும் கணினி வேலையும் செய்யும் கடை வைத்திருப்பவன். தினமும் கண்ணால் காண்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

எங்கள் சனத்துக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009 இல் கையில் கிடைத்த பையோடு ஓடியவர்களிடம் மிஞ்சியது நாலைந்து தாள்தான், பலருக்கு அதுவும் இல்லை. காணாமல் போன பிள்ளையின் ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிய தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் படத்தின் மூலப் பிரதி கறையானிடமும் மழை வெள்ளத்திடமும் போய்விட்டால், மிச்சமிருப்பது யாரோ ஒரு மருமகனின் ஜிமெயில் கணக்கில் இருக்கிற ஸ்கான் மட்டும்தான். அதை எந்த நேரமும் திறக்க முடியும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் மின்னஞ்சல்கள் இருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயர் தாக்கியபோது, மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. ஒன்லைனில் வைத்திருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது, வெளியே தனியாக எடுத்துவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் அரச தரவு மையம் தீப்பிடித்தபோது அங்கத்தைய அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்ததற்கும் காரணம் அதேதான், வேறு இடத்தில் பிரதி இல்லை.

எங்கள் அளவில் ஆபத்து வேறு விதமாக வரும். கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதை ஜிமெயிலும் படங்களும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன, நிரம்பினால் மின்னஞ்சல்கூட வராது. தனிப்பட்ட கணக்கொன்றை இரண்டு வருடம் யாரும் திறக்காவிட்டால் அதை அழிக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து அவர்கள் நடைமுறைப்படுத்தும் விதி. சனசமூக நிலையத்துக் கணக்கு வழக்கு, மாதர் சங்கத்துக் கடன் பதிவு எல்லாம் ஒரு பொடியனின் சொந்தக் கணக்கில் இருக்கும், அவன் கனடாவுக்குப் போய்விடுவான், கணக்கோடு இணைத்த சிம் இங்கே செயலிழந்துவிடும், பாஸ்வேர்ட் மறந்தால் வருகிற குறியீடு அந்தச் செத்த நம்பருக்கே போகும். மற்ற ஆட்களுக்கு ‘ஷெயார்’ பண்ணப்பட்ட போல்டர் அவர்களுடைய சொத்து அல்ல, உரிமையாளர் அழித்தால் எல்லோருக்கும் இல்லாமல் போகும். இதை எத்தனை தரம் சொன்னாலும் சங்கங்கள் காதில் போடுவதில்லை.

சரி, இறக்குவது எப்படி? இங்கேதான் கூடுதலாகத் தவறு நடக்கிறது, அதனால் பொறுமையாக வாசியுங்கள்.

புதிய விண்டோஸ் லேப்டொப்பை மைக்ரோசொப்ட் கணக்கோடு தொடங்கும்போதே டெஸ்க்டொப், டொக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் வன் டிரைவுக்குள் இழுத்துவிடுவது இப்போது வழமையாகிவிட்டது. இலவச இடம் 5 ஜிபிதான். பைல் லேப்டொப்பில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் நீல முகில் அடையாளம் இருந்தால் அது கணினியில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. வெள்ளை வட்டத்துக்குள் பச்சைச் சரி அடையாளம் என்றால் இப்போதைக்கு இருக்கிறது, இடம் போதாவிட்டால் விண்டோஸ் திருப்பி எடுத்துவிடலாம். முழுப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சரி என்றால்தான் நிலையாக இருக்கிறது. சந்தேகமென்றால் பைலை ரைட் கிளிக் பண்ணி ப்ரொப்பர்டீஸைப் பாருங்கள், ‘சைஸ் ஒன் டிஸ்க்’ என்ற இடத்தில் பூச்சியம் என்று இருந்தால் அங்கே ஒன்றும் இல்லை.

ஆகவே முதல் வேலை, போல்டரை ரைட் கிளிக் பண்ணி ‘ஆல்வேஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்’ என்பதைக் கொடுத்துவிட்டு, எல்லாம் முழுப் பச்சையாகும் வரை காத்திருப்பது. அதற்குப் பக்கத்திலேயே ‘ப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று ஒன்று இருக்கும், அது இதற்கு நேர் எதிர் வேலை செய்யும், கணினியில் இருப்பதை எடுத்துவிட்டுக் கிளவுட்டில் மட்டும் வைக்கும். எல்லாம் பச்சையான பிறகு வன் டிரைவ் போல்டருக்கு வெளியே, டி டிரைவிலோ வெளி ஹாட் டிஸ்க்கிலோ, கொப்பி பண்ணி ஒட்டுங்கள். கொப்பிதான், கட் இல்லை. கட் பண்ணி வெளியே நகர்த்தினால் கிளவுட்டில் இருந்ததும் அழிந்து ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், சாதாரணக் கணக்கென்றால் 30 நாளில் அதுவும் போய்விடும், அதே கணக்கோடு இணைந்த மற்றக் கணினியிலும் போனிலும் அந்த பைல் இருக்காது. எரிச்சலில் முதலிலேயே வன் டிரைவ் கணக்கை ‘அன்லிங்க்’ பண்ணி, கணினியிலிருந்து துண்டித்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முகில் அடையாளத்தோடு இருந்தவை எல்லாம் கணினியிலிருந்து மறைந்துவிடும். அவை இணையத்தில் பத்திரமாக இருக்கும் என்றாலும், வெறும் டெஸ்க்டொப்பைக் கண்டு பதறிப்போய் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வவுனியா வரை ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

கூகிளில் வேறு ஒரு சிக்கல். கூகிள் டொக்ஸில் எழுதிய கடிதத்தை கணினியில் டிரைவ் போல்டரிலிருந்து அப்படியே பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணினால் வருவது வெறும் இணைப்பு மட்டும், உள்ளே ஒரு எழுத்தும் இருக்காது. அதைத் திறந்து வேர்ட் பைலாகவோ பிடிஎப் ஆகவோ டவுன்லோட் பண்ண வேண்டும். படங்களை மொத்தமாக எடுக்க ‘டேக் அவுட்’ என்ற வசதி இருக்கிறது, ஸிப் பைல்களாகப் பிரித்து மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்புவார்கள், அது கொஞ்ச நாளில் காலாவதியாகும் என்பதால் வந்தவுடன் இறக்கிவிடுங்கள். படத்தோடு ஜேசன் என்று முடியும் சின்ன பைல்களும் வரும், குப்பை என்று அழிக்காதீர்கள், திகதியும் குறிப்பும் பல நேரம் அதற்குள்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு இது ஒரே இருப்பில் முடியாது. செக்கனுக்கு 4 மெகாபிட் வேகம் என்றால் 15 ஜிபி இறங்க 8 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், நடுவில் கரண்ட் போனால் பிரவுசரில் இறக்கிய பெரிய ஸிப் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். எனவே வருடம் வருடமாக, சின்னப் போல்டராக இறக்குங்கள், அல்லது கணினியில் டிரைவ் செயலியைப் போட்டு ‘மிரர்’ முறையை (டிரைவில் உள்ளதைக் கணினியிலும் அப்படியே வைப்பது) தெரிவுசெய்யுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் சாமத்தில் விடலாம். இறங்கியதும் கிளவுட்டில் உள்ளதை அழிக்காதீர்கள். விளைந்த நெல் முழுவதையும் விற்றாலும் விதைநெல் மூட்டையை வீட்டில் வைப்பவர்கள் நாங்கள், அதே யோசனைதான் இதற்கும், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. ஹாட் டிஸ்க்கும் பழுதாகும், ஆகவே முக்கியமான காணித் தாள்களை இன்னொரு பென் டிரைவில் போட்டு வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள். இடி மின்னல் காலத்தில் டிஸ்க்கை கணினியோடு செருகிவைக்க வேண்டாம்.

கடைக்காரனாகவே ஒன்று சொல்கிறேன். வெளிக்கடையில் இறக்குவதென்றால் அந்தக் கடைக் கணினியில் உங்கள் காணிப் பெர்மிற்றும் அடையாள அட்டையும் ஒரு பிரதி நின்றுவிடும். உங்கள் டிஸ்க்குக்கு மாற்றியதும் டவுன்லோட்ஸ் போல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள், கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதையும் பாருங்கள். பாஸ்வேர்ட்டைத் துண்டில் எழுதிக் கடைப் பொடியனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நல்ல கடைக்காரன் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டான்.

எல்லோரும் கடைக்குக் காசு கொடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பிரதேச சபை நூலகங்களிலும் வலயக் கல்வி அலுவலகங்களின் கணினி வள நிலையங்களிலும் ஒரு கணினியையும் இணைய இணைப்பையும் கிழமையில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கி, தகவல் தொழில்நுட்பம் படிக்கிற உயர்தர மாணவர்களை உதவிக்கு வைத்தால், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் பெரிய செலவில்லாமல் இதைச் செய்யலாம். ஹாட் டிஸ்க்கை அவரவர் கொண்டுவரட்டும். பிரதேச சபைத் தவிசாளர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். உங்கள் பத்திரிகையும் புதிய போன்களின் விலை வருகிற பக்கத்தில் ஒரு கிழமையாவது இந்த முகில், பச்சைச் சரி அடையாளங்களைப் படம் போட்டு விளக்கினால், அந்தப் பக்கத்தை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
கணினிக் கடை நடத்தும் வாசகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.