சேர்ப்பது சுலபம், எடுப்பதுதான் கடினம்: லினக்ஸ் வழங்கல்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தோடு மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தரும் உங்கள் 'வழங்கல்களில்', தேவையானதை மட்டும் முதலில் நிறுவுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்ததே தொடக்கம். அன்றிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள்தான் என் மாணவர்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். பாட்டியோடு போய்விட்ட தமிழை எழுத்திலாவது பிடித்துக்கொள்ள வருகிறார்கள்.

அன்பர் ஒருவர் எங்களுக்கு எட்டு பழைய மடிக்கணினிகளைக் கொடுத்தார். 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பிடம். எட்டிலும் பேட்டரி செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். உங்களில் ஒரு குழுவினர் உருவாக்கிய, எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று பெயர்பெற்ற வழங்கலைத்தான் அவற்றில் நிறுவினேன். நிறுவும் மென்பொருள் கேட்டதற்கெல்லாம் 'அடுத்து' என்றே அழுத்தினேன். விவரம் தெரியாதவன் அதைத்தானே செய்வான்?

மெனுவைத் திறந்து பார்த்தோம். சதுரங்கம், கண்ணிவெடி ஆட்டம், மின்னஞ்சல் செயலி, ஸ்கேனர் கருவி எல்லாம் இருந்தன. சிடி எழுதும் மென்பொருளும் இருந்தது. எட்டு கணினியில் ஒன்றில்கூட சிடி போட இடமே இல்லை. எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத மொழிகளில் தட்டச்சு செய்யக் கருவிகள் இருந்தன. தமிழ்99 விசைப்பலகை மட்டும் இல்லை! நாங்கள் கணினியை நிறுவியதே அதற்காகத்தான்.

இல்லாததைச் சேர்க்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. தேடினேன், கிடைத்தது, நிறுவினேன். இருப்பதை எடுக்கப் போனபோதுதான் வினை வந்தது. இடம் போதவில்லையே என்று விளையாட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். அவற்றோடு, பல மென்பொருள் தொகுப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'மெட்டா தொகுப்பு' ஒன்றும் போனதை நான் கவனிக்கவில்லை. டெஸ்க்டாப் (மெனு, சின்னங்கள், சன்னல்கள் கொண்ட திரை) முழுவதையும் குடைபோல் பிடித்திருந்தது அதுதான். குடை போனதும், அதன் கீழ் இருந்ததெல்லாம் 'இனித் தேவையில்லை' என்று பட்டியலில் வந்து நின்றது. கணினியே சொல்கிறதே என்று நம்பி 'ஆம்' கொடுத்தேன். மறுமுறை திறந்தபோது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. முதல்முறையாகத் தன் பெயரைத் தமிழில் தட்டி வைத்திருந்த சிறுமி, "அங்கிள், என் பேரு போயிடுச்சா?" என்று கேட்டாள். கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. அதை அவளுக்குக் காட்ட எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். ஒன்று வேண்டும் என்றால், ஒன்றும் தெரியாதவரால்கூட அதைத் தேடிச் சேர்க்க முடிகிறது. வேண்டாததை எடுக்கவோ, எது எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 'எல்லாவற்றையும் போட்டுத் தருகிறோம், வேண்டாதவர் நீக்கிக்கொள்ளட்டும்' என்னும்போது கடினமான பாதியைப் புதியவர் தலையில் வைத்துவிடுகிறீர்கள்.

எடுக்காமல் விட்டுவைத்தாலும் செலவு நிற்பதில்லை. நிறுவப்பட்ட ஒவ்வொரு தொகுப்பும் அப்டேட் கேட்கும். ஒருவரும் திறக்காத மென்பொருளுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும், அதற்கும் டேட்டா கரையும். இந்நாட்டில் டேட்டா விலை மிக அதிகம் என்று 2019 டிசம்பரில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டி ஆணையமே அறிக்கை வெளியிட்டது. 2023-இல் லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போகும். அப்டேட் பாதியில் இருக்கையில் போனால் தொகுப்புகள் அரைகுறையாக நின்றுவிடும், பிறகு கட்டளை கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். பட்டியல் நீள நீள, பாதியில் மாட்டும் வாய்ப்பும் கூடுகிறது. டெபியன் என்ற வழங்கலிலோ, 2009-இல் வந்த லென்னி பதிப்பு முதல், ஒன்றைக் கேட்டால் அது 'பரிந்துரைக்கும்' தொகுப்புகளும் தாமாகவே கூட வந்துவிடுகின்றன.

குறைந்தபட்ச நிறுவல் என்றதும் கறுப்புத் திரையும் கட்டளை வரியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நான் அதைக் கேட்கவில்லை. டெஸ்க்டாப், உலாவி, கோப்பு மேலாளர், வைஃபை இயக்கி, நிறுவும்போது தேர்ந்தெடுத்த மொழியின் எழுத்துருவும் விசைப்பலகையும் இருந்தால் போதும். வைஃபை இயக்கியை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்; இணையம் வராத கணினியில் எதைத் தேடிச் சேர்ப்பது? 2023 ஜூனில் வந்த டெபியன் 12, வைஃபை போன்ற வன்பொருளை இயக்கும், ஆனால் கட்டற்ற மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவல் மென்பொருளிலேயே சேர்த்தது. அதில் கொள்கைச் சண்டை உண்டு என்று அறிவேன். என் வகுப்பறையிலிருந்து பார்த்தால் அது சரியான முடிவு.

இணைய வசதி குறைந்தவர்களுக்கு எல்லாம் கையோடு வேண்டுமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதற்கு வழியும் உங்கள் உலகத்திலேயே உண்டு. டெபியனின் டிவிடியில் ஆயிரக்கணக்கான தொகுப்புகள் அடங்கியிருக்கும், நிறுவுவது நீங்கள் கேட்டதை மட்டும். பென்டிரைவ் நிறைந்திருக்கட்டும், கணினி இலேசாக இருக்கட்டும். பிறகு ஒன்று வேண்டுமென்றால் டேட்டா செலவில்லாமல் பென்டிரைவிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

இந்த மண்ணில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய, இந்த மண்ணின் சொல்லையே பெயராகக் கொண்ட உபுண்டு வழங்கல், 2004 அக்டோபரில் ஒரே சிடியில் அடங்கி வந்தது. அந்த அளவே ஒரு கட்டுப்பாடாக இருந்து, எது உண்மையில் தேவை என்று யோசிக்கவைத்தது. 2012-இல் சிடி அளவைத் தாண்டினார்கள். 2018-இல் 18.04 பதிப்பில் குறைந்தபட்ச நிறுவலை ஒரு விருப்பமாக வைத்தார்கள். 2023-இல் வந்த 23.10-இல் அதுவே இயல்பான தேர்வாயிற்று. அவ்வளவு பேர் பயன்படுத்தும் வழங்கலே மாறியிருக்கும்போது, தனிப்பயனாக்கத்தையே அடையாளமாகக் கொண்ட நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

அடுத்த பதிப்பில் இலேசான நிறுவலையே இயல்பாக வையுங்கள். 'அலுவலகம்', 'படிப்பு', 'விளையாட்டு' என்று கூடுதல் தொகுப்புகளை ஒரே திரையில், ஒவ்வொன்றும் எத்தனை எம்பி என்று எழுதிக் காட்டுங்கள். ஒரு விளையாட்டை நீக்கினால் டெஸ்க்டாப்பே சரியாதபடி அந்த மெட்டா தொகுப்புகளைத் தளர்த்துங்கள். அந்தத் திரையின் வரிகளைத் தமிழாக்கித் தர நானும் மூத்த மாணவர்கள் மூவரும் தயார். சோதிக்க எட்டு கணினிகள் இருக்கின்றன. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்கும்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழ் ஆசிரியர்